கூலி: ஆளா, ஆளுக்குரியதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் பத்திரிகையில் ‘கூலி’ என்ற சொல்லைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இலங்கை மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களை இழிவாகக் குறிக்கப் பயன்பட்ட அச்சொல் சீனத்தில் பிறந்து ஆங்கிலத்தின் வழியாக நம்மை வந்தடைந்தது என்றும், ஆதலால் நாட்கூலி, கூலி உயர்வு போன்ற வழக்குகளையும் விட்டுவிட்டு எங்கும் ‘ஊதியம்’ என்றே எழுத வேண்டும் என்றும் கட்டுரையாளர் கூறியிருந்தார். அவருடைய மனக்கசப்பு எனக்கும் உண்டு. என் பாட்டனாரும் பாட்டியும் கொழுந்துக் கூடையோடும் தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியோடும் வாழ்ந்து மடிந்தவர்கள். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில், அந்தக் கசப்பை ஒரு பிழையான சொற்பிறப்பின் மீது கட்டி எழுப்புவதை ஏற்க இயலவில்லை.

முதலில் சீனத்தைப் பார்ப்போம். சீன மொழியில் ‘கூலி’ என்று ஒலிக்கும் சொல் இருப்பது உண்மைதான். அது இரண்டு எழுத்துகளால் எழுதப்படுகிறது. முதலாவது எழுத்துக்குக் கசப்பு அல்லது துன்பம் என்று பொருள்; இரண்டாவதற்கு வலிமை என்று பொருள். துன்பப்பட்டுச் செலவிடும் உடல் வலிமை என்று விளக்கம் சொல்ல அது மிக வசதியாக இருப்பதால், சீனச் சொல்லே மூலம் என்று நம்பிவிடுவோர் பலர். சீன எழுத்து ஒலியை மட்டும் காட்டும் எழுத்தன்று. வேற்றுமொழிச் சொல் ஒன்றைச் சீனர் எழுத நேரும்போது, ஒலியும் ஓரளவு பொருந்தி, பொருளும் ஏதோ ஒரு வகையில் இயைகின்ற எழுத்துகளைத் தேடி எடுப்பது அவர்கள் மரபு. 19ஆம் நூற்றாண்டில் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் பெருவுக்கும் தென்சீனத் துறைமுகங்களிலிருந்து ஆட்கள் கப்பலேற்றப்பட்ட காலத்தில், ஐரோப்பியர் வாயில் ஏற்கெனவே இருந்த சொல்லைச் சீனர் இவ்வாறு எழுத்தில் அமைத்துக்கொண்டார்கள். அமைத்தவர் யாராயினும் அவர் கைதேர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. அந்த இரண்டு எழுத்துகளைக் காட்டிலும் பொருத்தமான விளக்கத்தை எந்த அகராதிக்காரராலும் எழுதியிருக்க முடியாது. இருந்தாலும் பொருத்தம் வேறு, பிறப்பு வேறு.

தமிழில் இச்சொல்லின் பழமைக்குத் தொலைவில் சென்று சான்று தேட வேண்டியதில்லை. ‘தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்’ என்ற குறளை நம் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். போர்த்துக்கேயர் 1505இல் இத்தீவின் கரையைக் காண்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, உடல் வருந்தியதற்கு ஈடாகக் கிடைப்பது கூலி என்று தமிழ் எழுதி வைத்துவிட்டது. அக்குறளில் இழிவின் நிழல்கூட இல்லை. தெய்வம் கைவிட்டாலும் கைவிடாத ஒன்றாக அங்கே கூலி நிற்கிறது. கட்டுரையாளர் அதன் இடத்தில் வைக்கச் சொல்லும் ‘ஊதியம்’ என்ற சொல்லையும் வள்ளுவர் ஆள்கிறார். ஆனால் ‘ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு’ என்னும்போது அவர் அதற்குக் கொண்ட பொருள் பயன், இலாபம் என்பதாகும். உழைப்புக்குரிய ஈடு என்ற பொருளில் அவர் கைக்கொண்ட சொல் கூலிதான்.

மாணிக்கவாசகரிடம் வந்தால் இச்சொல் இன்னும் உயரத்தில் ஏறி அமர்கிறது. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓராள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட, ஆளில்லாத பிட்டு விற்கும் கிழவி வந்திக்குக் கூலியாளாக இறைவனே வந்த கதையை நம் தோட்டத்துக் கோயில்களில் கேட்டு வளராதவர் குறைவு. உதிர்ந்த பிட்டே அவனுக்குக் கூலி. வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று விழுந்த பிரம்படி எல்லார் முதுகிலும் பட்டது என்பது கதை. மண் சுமந்து கூலி பெற்று அரசனிடம் அடியும் வாங்கிய அந்த உடலைத் திருவம்மானையில் ‘புண்சுமந்த பொன்மேனி’ என்று மாணிக்கவாசகர் பாடுகிறார். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்தனுப்பும் பெரட்டுக்களத்தில் நின்று பழகிய ஒருவருக்கு இக்கதை எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

பாரதியார் காலத்திலும் பொருள் மாறவில்லை. கண்ணனைச் சேவகனாக வைத்துப் பாடும்போது, ‘கூலிமிகக் கேட்பார் கொடுத்ததெலாம் தாம்மறப்பார்’ என்று வேலையாட்களைப் பற்றி அலுத்துக்கொள்கிறார். அங்கும் கூலி என்பது கேட்கப்படுவது, கொடுக்கப்படுவது. கேட்கும் ஆளுக்கு அது பெயராகவில்லை. இன்றும் பொற்கொல்லரிடம் செய்கூலி கொடுக்கிறோம்; தையற்கூலி, வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் கொடுக்கிறோம். துக்கமில்லாமல் அழுகிறவரைக் கூலிக்கு மாரடிக்கிறார் என்கிறோம். மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு ஆகிய மொழிகளிலும் இதே சொல் இதே பொருளில் வழங்குவதால், பரோ, எமனோ ஆகிய இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் அது இடம்பெற்றிருக்கிறது. கேரளத்தில் ‘நோக்குகூலி’ என்றே ஒரு வழக்கம் இருந்தது. சரக்கை உரிமையாளரின் ஆட்களே இறக்கிக்கொண்டாலும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தொழிற்சங்கத்தாருக்குக் கொடுக்க வேண்டிய தொகைக்கு அப்பெயர். 2018ஆம் ஆண்டு மே தினத்திலிருந்து அரசு அதை நிறுத்தியது. வேலை செய்யாமலே வாங்கியதற்கும் அவர்கள் கூலி என்றே பெயரிட்டதைக் காண, அச்சொல்லைச் சொல்ல அவர்கள் நாணவில்லை என்பது தெளிவு.

தானியத்தைக் குறிக்கும் ‘கூலம்’ என்ற சொல்லோடு கூலியை இணைப்பவர்களும் உண்டு. களத்தில் நெல்லாகவே கூலி அளந்த காலத்தையும், சம்பளத்திலிருந்து கழித்துக்கொண்டு தோட்டத்தில் அரிசி கொடுத்த காலத்தையும் நினைத்தால் அவ்விளக்கம் நெஞ்சுக்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒலி ஒத்திருப்பதும் பொருள் இயைவதும் போதும் என்றால், சீன எழுத்து விளக்கத்தை மறுக்க நமக்கு வாயிருக்காது. சம்பளம் என்பதைச் சம்பா நெல்லும் உப்பளமும் சேர்ந்த சொல் என்று மேடைதோறும் சொல்லப்படுவதையும் நான் இந்தக் கணக்கிலேயே வைக்கிறேன்.

இனி ஆங்கிலச் சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் வழங்கும் ‘கூலி’ நேரே தமிழிலிருந்து போனதுதான் என்று மார்தட்டவும் நான் முன்வரவில்லை. 1886இல் யூல், பர்னல் ஆகிய இருவரும் வெளியிட்ட ஹொப்சன் ஜொப்சன் என்ற ஆங்கில–இந்தியச் சொல்லகராதி, மேற்கிந்தியாவில் குஜராத், கொங்கணக் கரைகளில் வாழும் ‘கோளி’ என்ற சமூகத்தின் பெயரே போர்த்துக்கேயர் வழியாகச் சுமைதூக்குவோருக்குப் பொதுப்பெயராகியிருக்கக் கூடும் என்று கருதுகிறது. ஆனால் அதே பதிவிலேயே, தென்னிந்தியாவில் தமிழிலும் கன்னடத்திலும் கூலி என்றால் சம்பளம் என்று பொருள்படுவதையும், அதுவே உண்மையான மூலம் என்று வில்சன் என்ற அறிஞர் கொண்டதையும், துருக்கிய மொழிகளில் அடிமையைக் குறிக்கும் ஒத்த ஒலியுடைய சொல் இருப்பதையும் அது மறைக்காமல் சொல்கிறது. மேற்கே ஒரு சமூகத்தின் பெயரும் தெற்கே உழைப்பின் ஈடும் துறைமுகத்து வியாபாரிகளின் வாயில் ஒன்றோடொன்று கலந்திருக்கலாம் என்பதே என் எண்ணம். மீன்பிடித்தும் உழுதும் வாழ்ந்த ஒரு சமூகத்தின் பெயரை உலகத்துச் சுமைதூக்கிகள் எல்லாருக்கும் சூட்டியிருந்தால், அது அவர்களுக்கு இழைத்த தீங்கு. ஈட்டின் பெயரை ஆளுக்குச் சூட்டியிருந்தால், அது நமக்கு இழைத்த தீங்கு.

அந்தச் சொல் அங்கிருந்து போன இடங்களைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஒல்லாந்தர் அதைச் சுமாத்ராவின் டெலிப் பகுதிப் புகையிலைத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்று, 1880இல் ‘கூலிச் சட்டம்’ என்ற பெயரிலேயே சட்டம் இயற்றினார்கள். ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளிக்கு அது தண்டனை விதித்தது. அங்கே இன்றும் கட்டட வேலையாள் கூலிதான். வேடிக்கை என்னவென்றால், இந்தோனேசிய மொழியில் பத்திரிகையாளரை ‘மைக்கூலி’ என்று பொருள்படும் தொடரால் அழைக்கிறார்கள். தாங்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கிழக்கு ஆபிரிக்காவின் சுவாஹிலியில் துறைமுகத் தொழிலாளி ‘குலி’ எனப்படுகிறார். தென்னாபிரிக்காவில் அது தொழிலையும் விட்டுவிட்டு இனத்தின் மேல் ஒட்டிக்கொண்டது. 1893இல் அங்கே இறங்கிய காந்தி, வழக்கறிஞராக இருந்தும் ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டார். வணிகர் கூலி வணிகர் ஆனார். தமிழர் பெயர்களின் ஈற்றில் வரும் ‘சாமி’ என்பதையும் வெள்ளையர் அவ்வாறே ஏளனமாக வழங்கினர் என்றும், சாமி என்றால் எசமான் என்று பொருள், நான் உமது எசமான் அல்லன் என்று சில இந்தியர் திருப்பிச் சொன்னதுண்டு என்றும் காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இவ்வகைப் பதிலடியை எங்கள் பக்கத்துக் கிழவர்களிடமும் நான் கேட்டிருக்கிறேன். கயானாவிலும் ட்ரினிடாட்டிலும் அது இன்றும் வசைச்சொல்லாகவே இருக்கிறது. மொரிசியஸ் நாட்டின் போர்ட் லூயியில் ஒப்பந்தத் தொழிலாளர் வந்து இறங்கிய ‘கூலித் துறை’க்குப் பின்னர் ‘புலம்பெயர்ந்தோர் துறை’ என்று பொருள்படும் ஆப்ரவாசி காட் என்று பெயர் மாற்றப்பட்டு, 2006இல் அது உலக மரபுரிமைச் சின்னமானது. இந்தியாவில் புகையிரத நிலையச் சுமைதூக்குவோரைக் கூலி என்பதற்குப் பதிலாகச் ‘சஹாயக்’, அதாவது உதவியாளர், என்று அழைக்கப்போவதாக 2016 புகையிரத வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள்.

இவ்வளவு தூரம் போகத் தேவையின்றி, நம் அயல்வீட்டு மொழியைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு கடையறை காலியாகக் கிடந்தால், சிங்களத்தில் ‘குலியட’ என்று பலகை தொங்கும். சிங்களத்தில் ‘குலிய’ என்றால் வாடகை. வாடகை வண்டி அவர்களுக்குக் ‘குலீ ரத’. தமிழிலிருந்து சிங்களம் ஏற்றுக்கொண்ட சொற்களுள் ஒன்றாக இதை மொழியறிஞர் எண்ணுகிறார்கள். கொடுக்கல் வாங்கல் என்ற பழைய தமிழ்ப் பொருள் அங்கே கறைபடாமல் இருப்பதை எந்தப் பேருந்து நிலையத்திலும் காணலாம். வீட்டுக்காரர் தம் வீட்டுக்குக் குலிய வாங்குவதில் வெட்கப்படுவதில்லை.

அப்படியானால் மலைநாட்டில் கோளாறு எங்கே நேர்ந்தது? தமிழ் இலக்கணத்தில் ஆகுபெயர் என்று ஒன்று உண்டு. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவது. ஊர் சிரித்தது என்றால் ஊரிலுள்ளோர் சிரித்தனர் என்பது போல. கூலி பெறுபவரைக் கூலி என்பதும் அமைப்பில் ஆகுபெயர்தான். ஆனால் அது புலவரின் ஆகுபெயரன்று, கணக்குப்பிள்ளையின் ஆகுபெயர். கோப்பித் தோட்டக் காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பின்னரும், துரைமார் எனப்பட்ட தோட்ட அதிகாரிகளுடைய பேரேட்டில் இத்தனை ஏக்கர், இத்தனை இறாத்தல், இத்தனை கூலி என்று ஒரே வரிசையில் எழுதினார்கள். ஆங்கிலச் சட்டமும் அப்படியே பேசியது. 1889ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் ‘இந்தியக் கூலிகள்’ என்ற தொடரைத் தயக்கமின்றிக் கையாண்டது. அவர்கள் குடியிருந்த வரிசை ‘கூலி லைன்’ ஆயிற்று. நாம் அதை லயன் என்றும் லயம் என்றும் ஆக்கிக்கொண்டோம். புதிதாக வந்த சின்னத்துரைக்கு, அதாவது உதவித் தோட்ட அதிகாரிக்கு, தமிழ் கற்பிக்க அச்சிட்ட கைநூலுக்குக்கூடக் ‘கூலித் தமிழ்’ என்று பெயர் வைத்தார்கள். ஏவலும் வசையும் நிறைந்த அந்தத் தமிழைப் பேசியவர் துரை. பழி விழுந்ததோ கேட்டுக்கொண்டு நின்றவர்மீது.

இதற்கு எதிர்ப்புறமாக நம் மக்கள் செய்துகொண்ட ஒரு சொல்லாட்சியைத் தங்கள் வாசகர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு உரியதை நாம் ‘பேர்’ என்கிறோம். செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பெயர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. ‘இந்த மாதம் எத்தனை பேர் விழுந்திருக்கிறது?’ என்று ஒரு பெண் கேட்டால், அவள் கேட்பது ஆட்களின் எண்ணிக்கையை அன்று, தன் உழைப்பு நாட்களின் எண்ணிக்கையை. துரை ஆளைக் கூலி என்றான். ஆளோ தன் கூலியைப் பேர் என்றாள். இரண்டு வழக்குகளும் ஒரே பேரேட்டைப் பார்த்துப் பிறந்தவைதாம். அரைப்பேர் என்ற சொல்லை வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் கேட்டு, பாதிப் பெயரை எழுதுவது என்று பொருள்கொண்டது என் பள்ளிக்கூட நாட்களில் நடந்தது. அவர் கொண்ட பொருளும் முற்றிலும் பிழை என்று எனக்குத் தோன்றவில்லை.

மதிப்பைக் கூட்டச் சொல்லை மாற்றுவது என்ற கட்டுரையாளரின் வழியில் ஒரு சிக்கலும் உண்டு. மேசைக்குப் பின்னால் அமர்ந்தவர் வாங்கினால் சம்பளம், சட்டத்தில் வந்தால் வேதனம், அலுவலகச் சுற்றறிக்கையில் கொடுப்பனவு, சொற்பொழிவாளருக்கு மதிப்பூதியம், வழக்கறிஞருக்குக் கட்டணம். வெயிலில் நின்றவருக்கு மட்டும் கூலி என்று ஒதுக்கிவிட்டு, பிறகு அச்சொல் கறைபட்டுவிட்டது என்பது நியாயமாகாது. 1927இல் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்ததும், 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டதும் எந்தச் சொல்லை மாற்றியதாலும் வந்தவை அல்ல. அதே வேளையில், ஆளைக் குறிக்கும் சொல் மாற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதை நம் முன்னோர் முன்பே மாற்றிவிட்டார்கள். 1931இல் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் ஹட்டனில் சம்மேளனம் தொடங்கியபோது அது தொழிலாளர் சம்மேளனமாகவே இருந்தது.

இதை நான் எழுதத் தூண்டிய இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அண்மையில் என் தகப்பனாருடைய பிறப்புச் சான்றிதழின் பழைய ஆங்கிலப் படிவம் ஒன்றைக் குடும்பத்தின் தேவைக்காகத் தமிழில் மொழிபெயர்க்கக் கொடுத்திருந்தேன். தந்தையின் தொழில் என்ற நிரலில் ஆங்கில எழுத்தில் ‘கூலி’ என்றிருந்தது. மொழிபெயர்ப்பாளரும் தமிழில் ‘கூலி’ என்றே எழுதித் தந்தார். மூலத்தில் உள்ளதை மாற்ற முடியாது என்பது அவர் வாதம். மாற்ற வேண்டாம், மொழிபெயர்த்தாற் போதும் என்றேன். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு ஆள் என்று பொருள். தமிழில் ஆளுக்குக் கொடுப்பது என்று பொருள். ஒலி ஒன்றாக இருப்பதால் எழுத்தைப் பெயர்த்து வைத்துவிட்டு, மொழியைப் பெயர்த்ததாகக் கொள்ளக் கூடாது என்று விளக்கினேன். ‘தந்தையின் தொழில்: சம்பளம்’ என்று யாராவது எழுதுவார்களா என்று கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். என்னிடம் மேலதிகமாகப் பணம் கேட்காமலே மறுநாள் புதிய தாளில் ‘கூலியாள்’ என்று தட்டச்சு செய்து முத்திரையிட்டுக் கொடுத்தார். தொழிலாளி என்று எழுதியிருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். ஆனால் அந்த நாளில் அந்த எழுதுவினைஞர் அவ்வளவு மரியாதையை மனத்தில் கொண்டு எழுதியிருக்க மாட்டார் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னபோது, அதில் உண்மை இருந்ததால் வாதாடவில்லை.

ஆகவே, இச்சொல் சீனத்திலிருந்து வந்தது என்ற கூற்றுக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நாட்கூலி, செய்கூலி போன்றவற்றை வழக்கம்போல் தங்கள் பத்திரிகை அச்சிடலாம். ஆளைக் குறிக்க ‘கூலிகள்’ என்று எங்கேனும் வருமாயின், அது மேற்கோளாக இருந்தாலன்றி, அங்கே மட்டும் தங்கள் சிவப்பு மையைப் பயன்படுத்தினாற் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
பொகவந்தலாவை.